கோறணமேந்துக்கு வெளியே ஓர் உத்தியோகம்

ஞாயிறு பத்திரிகையின் மணமக்கள் பகுதியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தின் தொழில் நிலவரம் விளங்கிவிடும். மாப்பிள்ளைக்கு அரச உத்தியோகம் என்றால் அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கனடா, லண்டன் என்றால் விசா நிலையைச் சொன்னால் போதும். தனியார் கம்பனியில் வேலை என்றால் மட்டும் விளம்பரம் நீளும்: பட்டதாரி, சொந்தக் காணி உண்டு, குடி இல்லை, வெற்றிலையும் இல்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளை வளர்த்த ஊர் இது. கோறணமேந்துக் கோழியை மேய்த்தவனுக்குக் கடைசியில் பென்சன் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதே பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், போர் முடிந்த பிறகான இந்த வருடங்களில், ஒரு பதவி அடிக்கடி தலைகாட்டுகிறது: மனிதவள உதவியாளர். உயர்தரம் சித்தி, கணினி அறிவு, ஆங்கிலமும் சிங்களமும் தெரிந்தால் நல்லது, பெண்கள் விரும்பத்தக்கது. கேட்பவர்கள் தனியார் வைத்தியசாலைகள், ஹோட்டல்கள், நுண்கடன் கம்பனிகள், மென்பொருள் நிறுவனங்கள், நாலு கடையை ஒன்றாக்கிப் பெருத்துவிட்ட நகைக் கடைகள், புடவைக் கடைகள். "மகள் எச்.ஆரில வேலை செய்யிறா" என்று தாய் பெருமையாகச் சொன்னால், பக்கத்து வீட்டு அன்ரி கேட்பது ஒரே கேள்விதான்: "அதென்ன, கிளாக்கர் வேலையோ?"

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியதில் இருந்து யாழ்ப்பாணத்தான் ஆங்கிலம் படித்துக் கந்தோருக்குப் போகிறான். இலங்கையின் திணைக்களங்களிலும் மலாயாவின் றெயில்வேயிலும் கோவை பேணிய பரம்பரை அது. ஆள் எப்போது சேர்ந்தார், எத்தனை நாள் லீவு எடுத்தார், சம்பள ஏற்றம் எப்போது என்று எழுதி வைப்பதில் நாங்கள் கெட்டிக்காரர். இன்றைக்கும் பிரதேச செயலகத்தின் தாபனக் கிளையில் ஒரு முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் அதைத்தான் செய்கிறார். அவருக்குப் பின்னால் தாபன விதிக்கோவை இருக்கிறது; மேலதிகாரி கோபித்தாலும் அதிலுள்ள பந்தி இலக்கத்தைக் காட்டலாம். தனியார் கந்தோரின் மனிதவள உதவியாளருக்குப் பின்னாலும் சட்டம் இருக்கிறது. முன்னால் முதலாளி இருக்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. எங்கள் பிள்ளைகள் தனியார் வேலையை மதிக்கவில்லை என்று வர்த்தகர்கள் மேடைக்கு மேடை குறைப்படுகிறார்கள். மதிக்கத்தக்க வகையில் எழுத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தீவகற்பத்தில் தனியார் வேலை என்பது நீண்ட காலமாக உறவுக்காரர் கடையில் நிற்பதுதான். முதலாளி மாமனோ சித்தப்பாவோ. சம்பளம் அவருடைய கொப்பியில். பெரிய தொழிற்சாலை என்று வந்தது ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது, 1950இல் காங்கேசன்துறையில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை. அதுவும் அரசுடையது; 1990இல் போரோடு நின்றது. நியமனக் கடிதம், சேமலாப நிதி, பணிக்கொடை என்பவையெல்லாம் தனியார் வேலையிலும் உண்டு என்ற அனுபவமே இங்கே பலருக்கு இப்போதுதான் கிடைக்கிறது. அதைக் கையில் கொண்டு வந்து கொடுக்கிறவர் இருபத்து நாலு, இருபத்தைந்து வயது மனிதவள உதவியாளர்.

சம்பள நாள்

மாதக் கடைசியில் இந்த வேலையைப் பார்க்க வேண்டும். விரல் வைக்கும் மெஷினில் இருந்து வரவுப் பதிவை இறக்கியாயிற்று. மெஷின் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. மின்சாரம் போன நாளுக்குக் கையெழுத்துப் புத்தகம் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிற அண்ணையின் விரல் ரேகை தேய்ந்து போனதால் மெஷின் அவரைப் பாதி நாள் வராதவர் என்கிறது. பருத்தித்துறை பஸ் பிந்தியதால் பிந்தியவர், நல்லூர்த் தேரன்று பத்து மணிக்குப் பிறகு நெற்றியில் திருநீறு காயாமல் வந்தவர் எல்லோரையும் ஒரு எக்செல் தாளுக்குள் கொண்டு வர வேண்டும்.

பிறகு கணக்கு. ஒருவருக்குச் சம்பளம் 40,000 ரூபா என்று வையுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்) சட்டப்படி அவரிடம் 8 வீதம், அதாவது 3,200 ரூபா வெட்ட வேண்டும். முதலாளி தன் பையில் இருந்து 12 வீதம், 4,800 போட வேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம், 1,200. ஊழியர் கைக்குப் போவது 36,800. சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் வரும் முதல் கேள்வி: "பிள்ளை, எனக்கு ஏன் வெட்டினது?"

அப்போது கொடுக்கிற பதிலில்தான் ஆளின் தரம் தெரியும். "சட்டம் அண்ணை" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. "நீங்கள் விட்டது மூவாயிரத்து இருநூறு. முதலாளி உங்கட பேரில ஆறாயிரம் போடுறார். எல்லாம் உங்கட காசுதான், ஒம்பதாயிரத்து இருநூறு" என்று சீட்டின் பின்புறத்தில் கூட்டிக் காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகை உதவியாளர் இருக்கும் கந்தோரில் ஊழியர்கள் அங்கத்துவ இலக்கத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், மீதியை விசாரிக்கிறார்கள். முதலாளிக்கு அது எப்போதும் பிடிப்பதில்லை.

இனி முதலாளி பக்கம். கட்ட வேண்டிய காசு அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் சி படிவத்தோடு போய்ச் சேர வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம்: பத்து நாளுக்குள் 5 வீதம், பிந்தப் பிந்த ஏறி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். யாழ்ப்பாண வியாபாரி வட்டிக் கணக்கில் பிழை விடாதவர். இந்த வட்டி மட்டும் எப்படியோ அவருடைய கண்ணில் படுவதில்லை.

தட்டிக்கழிக்கும் வழிகள் எல்லா ஊருக்கும் பொது. "ஆறு மாசம் பார்த்துப்போட்டு ஈபிஎப் போடுவம்" என்பது முதலாவது. சட்டத்தில் அப்படிப் பார்த்துப்போட்டு என்று ஒன்று இல்லை; தற்காலிகமோ நிரந்தரமோ, முதல் நாளில் இருந்தே நிதி கட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி மிச்சத்தைப் பல பெயர் கொண்ட படிகளாகப் பிரித்து, அடிப்படைக்கு மட்டும் நிதி கட்டுவது இரண்டாவது. ஓவர்டைம் காசு கணக்கில் வராது என்பது உண்மை. வாழ்க்கைச் செலவுப்படியும் சாப்பாட்டுப் படியும் வரும். மூன்றாவது வழி இன்னும் நுட்பமானது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குப் பொருந்தும்; ஐந்து வருடம் வேலை செய்து விலகுகிறவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஆகவே ஆள் விலகும் நேரத்தில் 14 பேரோடு நிற்கப் பார்ப்பார்கள், அல்லது ஒரே கடைக்கு இரண்டு வியாபாரப் பெயர் பதிவார்கள். ஆள் விலகிய நாளை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. அதற்கு முந்திய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்திருந்தாலே கடமை வந்துவிடும். ஒன்பது வருடம் நின்று, கடைசியாக 40,000 எடுத்தவருக்கு 1,80,000 ரூபா. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் மனிதவள உதவியாளருக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனிதவள முகாமைத்துவத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. அங்கே படித்து வந்தவர் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். தெரிந்ததை முதலாளிக்கு எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் பாடநூல் கிடையாது. "சேர், இது பிழை" என்று சொன்னால் வேலை முடிந்தது. "சேர், லேபர் கந்தோரில இருந்து வந்து பார்த்தா எங்களுக்குத்தான் கரைச்சல்" என்று சொன்னால் சேர் நிமிர்ந்து பார்ப்பார். ஊழியர் முறைப்பாடு செய்து, தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்தால், பாக்கியைத் தண்டப் பணம் போலவே அறவிடலாம். வருகிற தண்டத்தைக் காட்டி, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வைப்பது இந்த வேலையின் உண்மையான கலை. கொஞ்சம் கோழைத்தனம் கலந்த கலை என்று சிலர் சொல்லலாம். மாதச் சம்பளம் அந்த முதலாளியிடமே வாங்கும் ஒருவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று நான் கேட்பேன்.

பெயரும் இலக்கமும்

யாழ்ப்பாணத்தில் ஆள் சேர்க்கும்போது ஒரு கோவை திறப்பதற்குள் போர் ஒருமுறை உள்ளே வந்து போகும். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் வீதிக்கு இறங்கிய இரவில் எத்தனை அலுமாரிகள் பூட்டியபடியே விடப்பட்டன! நாற்பது வயது தாண்டியவர்களிடம் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் சிலரிடம் உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கும். பள்ளிக்கூடம் மூன்று ஊரில். விடுகைப் பத்திரம் கடைசி ஊரில் இருந்து மட்டும். பெயர் தமிழில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். சேமலாப நிதியில் இந்த ஓர் எழுத்து வித்தியாசம் இருபது வருடம் கழித்துக் காசு எடுக்கப் போகும்போது சத்தியக்கடதாசியாக வந்து நிற்கும். சேருகிற நாளில் கால் மணித்தியாலம் செலவழித்து அதைப் பார்த்துத் திருத்தும் உதவியாளருக்கு யாரும் நன்றி சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது திருத்தப்பட்டது என்பதே எவருக்கும் தெரியாது.

அனுபவம் உள்ளவர்கள் அடையாள அட்டை இலக்கத்தையே வாசிப்பார்கள். 2016இல் இருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நாலும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 1994 என்ற வருடத்தை அடுத்து 572 என்று வந்தால், 500ஐக் கழித்து 72. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணினால் மார்ச் 12. விண்ணப்பத்தில் மே என்று எழுதியிருந்தால் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது. இதைச் செய்ய மென்பொருள் இருக்கிறது. ஆனாலும் மனக்கணக்கில் சொல்லிக் காட்டி எதிரே இருப்பவரை வியக்க வைப்பதில் அவர்களுக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

கோவைக்குள் போக வேண்டிய முதல் கடதாசி நியமனக் கடிதம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது: நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. கொடுக்கிற இடங்களிலும் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கொழும்பில் யாரோ தயாரித்ததை எடுத்துக் கம்பனிப் பெயரை மாற்றி அடித்தது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த காவலாளி மூன்று பக்க ஆங்கிலத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்து வைக்கிறார். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்து, சிங்களத் தேர்ச்சி இல்லாத தமிழ் உத்தியோகத்தர்களின் சம்பள ஏற்றம் நின்றதை இன்றும் சொல்லிச் சொல்லிக் கோபப்படுகிறோம், கோபப்படத்தான் வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எங்களுடைய முதலாளி, எங்களுடைய ஊழியர், எங்களுடைய ஊர். நடுவில் இருக்கும் கடிதத்தைத் தமிழில் எழுத யார் தடுத்தது? அதைத் தமிழில் ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் பிறகு பெயரை மாற்றினால் போதும். ஒரு பிற்பகல் வேலை.

பிறகு லீவு. வருடாந்த லீவு 14 நாள், அமய லீவு 7 நாள் என்பது பலருக்குத் தெரியும். முதல் வருடத்துக்கு உரியது எப்போது சேர்ந்தார் என்பதைப் பொறுத்து மாறும் என்பது தெரியாது: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தால் அடுத்த வருடம் 14, ஜூனுக்குள் 10, செப்ரெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. ஒக்ரோபரில் சேர்ந்தவர் மாசி மாதம் மச்சாளின் கலியாணத்துக்கு ஒரு கிழமை கேட்டு வந்து நிற்கும்போது இதைச் சொல்ல வேண்டியவர் உதவியாளர். தீபாவளி இன்னும் வேடிக்கை. அது பொது விடுமுறை, வங்கி விடுமுறை. வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இல்லை, சிவராத்திரியும் இல்லை. தைப்பொங்கல் இருக்கிறது, போயா தினங்கள் இருக்கின்றன. அதாவது, வெசாக்குக்கு மறுநாள் சட்டப்படி மூடும் யாழ்ப்பாணக் கடை, தீபாவளியன்று சட்டப்படி திறந்திருக்கலாம். எவரும் திறப்பதில்லை. ஆனால் அந்த நாளை முதலாளி இனாமாகத் தந்தாரா, அமய லீவில் கழித்தாரா என்பது சம்பளத் தாளைப் பார்க்கிறவருக்குத் தெரியும். போயா அன்று கடை திறந்தால் அன்றைய கூலி ஒன்றரை மடங்கு என்பதும் அப்படியே.

பெண் பிள்ளைகள்

விளம்பரத்தில் பெண்கள் விரும்பத்தக்கது என்று போடுவதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்: கதிரையில் இருந்து வேலை செய்வார்கள், சண்டை பிடிக்க மாட்டார்கள், குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள். நேர்முகத்தில் "கலியாணம் எப்ப?" என்ற கேள்வி வராமல் போகாது. பிள்ளைப்பேற்று லீவு 84 வேலை நாள். மூன்றாம் பிள்ளைக்கும் அதே அளவு என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பயந்து கேட்கப்படும் கேள்வி அது. கொடுமை என்னவென்றால், அதே கேள்விக்குப் பதில் சொல்லி உள்ளே வந்த பிள்ளை, இரண்டு வருடம் கழித்து மேசையின் மறுபக்கம் இருந்து இன்னொரு பிள்ளையிடம் அதையே கேட்க வேண்டியிருக்கிறது. சேமலாப நிதிச் சட்டமும் இந்த மனநிலைக்கு விலக்கல்ல. கலியாணத்தால் வேலையை விடும் பெண் தன் நிதியை எடுத்துக்கொள்ளலாம் என்று அது இடம் வைத்திருக்கிறது. 1958இல் சட்டம் எழுதியவர்கள் பெண் எவ்வளவு காலம் வேலையில் நிற்பாள் என்று நினைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அண்மைக் காலத்தில் இந்த மேசைக்கு வந்த பெரிய வேலை குறைந்தபட்சச் சம்பளம். 2016இல் 10,000 ரூபாவாகத் தொடங்கியது 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. புடவைக் கடைப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. உதவியாளருக்குத் தலையிடி, ஏனென்றால் ஆறு வருடமாக நின்று 31,000 எடுக்கும் அக்கா, நேற்று வந்தவளுக்கு 30,000 என்று கேள்விப்பட்ட அன்றே மேசைக்கு வந்துவிடுவார். "எங்கட ஆறு வருசத்துக்கு ஆயிரம் ரூபாதானோ பிள்ளை?" அவருக்குச் சட்டத்தில் பதில் இல்லை. முதலாளியிடம் இருக்க வேண்டும். முதலாளி ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தால் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்க வேண்டும்.

போகிறவர்கள்

ஆட்கள் நிற்பதில்லை என்பதுதான் இங்குள்ள கம்பனிகளின் ஓயாத பாட்டு. உண்மை. 2017 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி முன்றலில் வேலையில்லாப் பட்டதாரிகள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் கேட்டது அரச நியமனம். 2020இல் நாடு முழுவதும் பட்டதாரிகளை 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநராக எடுத்தபோது, அதைவிடக் கூடச் சம்பளம் வாங்கியவர்களும் தனியார் வேலையை விட்டுப் போனார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போகிறவர் கூட்டம் வேறு. 2025 செப்ரெம்பரில் கடவுச்சீட்டுக் கந்தோரே மாவட்டச் செயலகத்துக்கு வந்துவிட்டது. யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புகள் பிள்ளைகளை மென்பொருள் பக்கம் திருப்பி, ஊரிலேயே வேலை என்ற நம்பிக்கையை உண்டாக்கப் பாடுபடுகின்றன. அந்தத் துறையில் நியமனக் கடிதமும் லீவும் ஒழுங்காக இருப்பதால் மற்றக் கடைகளுக்கும் கொஞ்சம் வெட்கம் வந்திருக்கிறது.

சேமலாப நிதியைக் காலத்துக்கு முன் எடுப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணங்கள் சொற்பம். ஆண் 55, பெண் 50 என்ற வயது ஒரு பக்கம். கலியாணம், நிரந்தர இயலாமை, நாட்டை விட்டு நிரந்தரமாகப் போவது ஆகியவை போக இன்னொன்று உண்டு: ஓய்வூதியமுள்ள அரச நியமனம் கிடைப்பது. தீவகற்பத்துக்கென்றே எழுதியது போன்ற காரணம். நியமனம் கிடைத்தவர் இனிப்புப் பெட்டியோடு மனிதவள மேசைக்கு வந்து கே படிவம் கேட்பார். பழைய அங்கத்துவ அட்டை, அடையாள அட்டைப் பிரதி, புதிய நியமனக் கடிதம், வேலை கொடுத்தவரின் அத்தாட்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பி வைப்பதும் அங்கேதான்.

அந்த இனிப்புப் பெட்டியை ஒரு நாள் உதவியாளரே கொண்டு வருகிற கந்தோர்களும் உண்டு. முகாமைத்துவ சேவைப் பரீட்சையை அவரும் சத்தம் போடாமல் எழுதியிருப்பார். எத்தனையோ பேருக்கு நிரப்பிய படிவத்தை இந்த முறை தன் பெயரில் நிரப்பி, முதலாளி ஒப்பமிட வேண்டிய பகுதிக்கு வந்து நிற்பார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கேட்பார்: "இதில நான் என்ன எழுத வேணும் பிள்ளை?"